காபன் பிரதியும் கிற்றாரின் எதிரொலியும்

கொழும்பில் பத்திரிகைப் பணியில் சேர்ந்த ஆரம்ப நாட்களில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதலாவது பாடம் செய்தி எழுதுவது பற்றியதல்ல. காபன் தாள் வைப்பது பற்றியதாகும். மூன்று எழுதுதாள்களுக்கிடையே இரண்டு காபன் தாள்களைச் செருகி, போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதவேண்டும். மேல் தாள் செய்தி ஆசிரியருக்கு, இரண்டாவது கோப்புக்கு, மூன்றாவது எழுதியவருக்கு. மேல் தாளில் எழுத்துகள் கூர்மையாக விழும். இரண்டாவதில் சற்று மங்கும். மூன்றாவதில் 'ன'கரமும் 'ண'கரமும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனாலும் செய்தி அதே செய்திதான். எழுதிய கையும் அதே கைதான்.

அரை நூற்றாண்டு கழித்து, கனடாவில் வசிக்கும் எனது பெறாமகனின் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தக் காபன் தாள் மீண்டும் நினைவுக்கு வந்தது. இரவு உணவு முடிந்ததும் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு, பற்றவைக்கும் கோலும் ஈயக்கம்பியும் சிறிய மின்சுற்றுப் பலகையொன்றுமாக அவன் அமர்ந்துவிடுவான்.

"இது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"எக்கோ பெடல், பெரியப்பா. கிற்றாருக்குப் போடுறது. இதைச் செய்யிறதை அவங்கள் நிப்பாட்டி நாப்பது வருசமாச்சு. பழையது யானை விலை. அதுதான் அதைப் பாத்து நானே ஒண்டு செய்யிறன்."

"அப்ப இது கள்ளப் பிரதியோ?"

அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை. நான் கேட்டது பகிடியாகத்தான். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வழக்கொழிந்துபோன ஒரு பொருளைத் திறந்து பார்த்து அதுபோல இன்னொன்றைச் செய்வது களவா, அன்றிக் காப்பாற்றலா? இதற்கு விடை தேடப்போனபோது அந்தச் சிறு பெட்டியின் பின்னால் ஒரு முழு வரலாறு இருப்பதைக் கண்டேன். அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நாடாவில் பிறந்த எதிரொலி

கிற்றார் கலைஞர்கள் எதிரொலியைத் தேடத் தொடங்கியது ஒலிப்பதிவு நாடா பரவிய காலத்திலாகும். நாடாவில் ஒலியைப் பதியும் முனையும் அதனைத் திருப்பி வாசிக்கும் முனையும் அடுத்தடுத்து இருக்கும். நாடா முதலாவதைக் கடந்து இரண்டாவதை அடைய ஒரு கணம் செல்லும். அந்தக் கணமே எதிரொலியின் தாமதம். அமெரிக்கக் கிற்றார் கலைஞரான லெஸ் போல் இதைத் தமது இசைத்தட்டுகளில் பயன்படுத்தினார். மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சாம் பிலிப்ஸ், 1954இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதற் பாடல்களுக்கு இரண்டு நாடாப் பொறிகளைக் கொண்டு அந்த எதிரொலியை ஊட்டினார்.

கூடத்தில் இருந்ததை மேடைக்குக் கொண்டுவருவது அடுத்த கட்டம். இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ரே பட்ஸ் 1950களின் முற்பகுதியில் நாடா எதிரொலியை ஒலிபெருக்கிக்குள்ளேயே பொருத்தினார். இலண்டனில் சார்லி வட்கின்ஸ் 1958இல் 'கொப்பிகற்' பொறியை வெளியிட்டார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மைக் பற்றில் உருவாக்கிய 'எக்கோபிளெக்ஸ்' 1959இல் சந்தைக்கு வந்தது. இத்தாலியின் மிலான் நகரில் பின்சன் நிறுவனம் நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் காந்த உருளையைப் பயன்படுத்திய 'எக்கோரெக்' பொறியைச் செய்தது. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் ஆரம்பகால ஒலிக்கு அது ஓர் அடித்தளம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974இல் 'ஸ்பேஸ் எக்கோ ஆர்.ஈ.-201' பொறியைக் கொண்டுவந்தது.

இவை யாவும் அருமையாக ஒலித்தன. ஆனால், பாரமானவை. நாடா தேயும்; அறும்; முனைகளில் அழுக்குப் படியும். இரவு தோறும் ஊர் மாறி வாசிக்கும் கலைஞனுக்கு இது தீராத தலைவலி.

வாளிகள் கைமாறும் வரிசை

1969இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், ரீர் ஆகிய இருவரும் ஒரு புதிய இலத்திரனியல் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். தீப்பற்றிய வீட்டை அணைக்க ஊரார் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த முறையும் அதுவேதான். அதற்கு அவர்கள் சூட்டிய பெயரும் 'வாளி வரிசை' என்னும் பொருளையே தருவது. தண்ணீருக்குப் பதிலாக மின்னேற்றம். மனிதருக்குப் பதிலாக வரிசையாக அமைந்த நுண்ணிய கொள்ளளவிகள். ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு கைமாற்றம். முதல் வாளியில் ஊற்றிய ஒலி, கடைசி வாளிக்கு வந்துசேரும்போது தாமதமாகியிருக்கும். நாடா இல்லை, அசையும் பாகம் எதுவுமே இல்லை.

இந்த முறையில் அமைந்த சிப்களுள் புகழ்பெற்றது, பனசொனிக் பொருட்களைத் தயாரித்த ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் செய்த எம்.என். 3005. அதில் 4,096 படிகள் இருந்தன. படிகளின் எண்ணிக்கையைக் கடிகார அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். கடிகாரம் செக்கனுக்கு 10,000 தடவை துடித்தால் தாமதம் ஏறத்தாழ 205 மில்லி செக்கன். தாமதம் கூடவேண்டுமானால் கடிகாரத்தை மெதுவாக்கவேண்டும். ஆனால், கடிகாரம் மெதுவானால் உயர்ந்த சுரங்கள் தப்பிப்பிழைக்கமாட்டா.

இங்கேதான் எனக்கு அந்தக் காபன் தாள் நினைவுக்கு வந்தது. 300 மில்லி செக்கன் தாமதம் தரும் ஒரு பெடலில் கடிகாரம் ஏறத்தாழ 6,800 தடவை துடிக்கிறது. அதில் பாதியான 3,400 ஹேட்சுக்கு மேற்பட்ட ஒலி அதற்குள் நேர்மையாகச் செல்ல இயலாது. இது பழைய தொலைபேசிக் கம்பியின் எல்லையும் ஆகும். வெளியூர் நிருபர்கள் தொலைபேசியில் செய்தி வாசிக்க நாம் இங்கிருந்து எழுதிய காலத்தின் குரலை நினைத்துக்கொள்ளுங்கள். கூர்மை போயிருக்கும், குரலுக்குரியவர் யாரென்பது தெரியும். மேலும், ஒரு எதிரொலியின் ஒரு பகுதி மீண்டும் சிப்பினுள் அனுப்பப்பட்டே அடுத்த எதிரொலி பிறக்கிறது. ஆதலால் இரண்டாவது முதலாவதைவிட மங்கல். மூன்றாவது அதனினும் மங்கல். வாளிகளில் சிறிது சிந்துவதுபோல இரைச்சலும் சேரும். அதை அடக்குவதற்காக, உள்ளே செல்லும்போது ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சுருக்கி வெளியேறும்போது மீண்டும் விரிக்கும் சுற்றொன்றைப் பல பெடல்களில் சேர்த்தனர்.

பொறியியலாளருக்கு இது குறைபாடு. இசைக் கலைஞருக்கோ இதுவே வரம். எதிரொலி மங்கலாக இருப்பதால் அது வாசிப்பவனின் புதிய சுரத்தோடு மோதாமல் பின்னால் ஒதுங்கி நிற்கிறது.

நியூயோர்க்கில் மைக் மத்யூஸ் 1968இல் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மொனிக்ஸ் நிறுவனத்தில் ஹவார்ட் டேவிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த 'மெமரி மேன்' வரிசை, 1970களின் பிற்பகுதியில் இந்தத் தொழில்நுட்பத்தைக் கிற்றார் கலைஞர்களின் காலடிக்குக் கொண்டுவந்தது. யூ2 குழுவின் 'தி எட்ஜ்' தமது ஆரம்பகால ஒலியை இத்தகையதொரு பெடலின்மீதே கட்டினார்; 1980இல் வெளியான 'போய்' இசைத்தொகுப்பில் அதைக் கேட்கலாம். ரோலண்ட் நிறுவனத்தின் பொஸ் பிரிவு 1978இல் டி.எம்.-1 பெடலையும், 1981இல் உள்ளங்கைக்குள் அடங்கும் டி.எம்.-2 பெடலையும் வெளியிட்டது. எனது பெறாமகன் மேசையில் வைத்துச் செய்துகொண்டிருந்தது இந்த டி.எம்.-2இன் பிரதியையே.

உற்பத்தி நின்ற கதை

1983இல் பொஸ் நிறுவனமே டி.டி.-2 என்னும் பெடலை வெளியிட்டது. காலடிப் பெடல் வடிவில் வந்த முதலாவது டிஜிற்றல் எதிரொலி அது. 800 மில்லி செக்கன் வரை தாமதம். எதிரொலி மூல ஒலியைப் போலவே தெளிவு. எவர் பழையதை வாங்குவார்? டி.எம்.-2 அடுத்த ஆண்டே, 1984இல், நிறுத்தப்பட்டது. அதன் வாரிசான டி.எம்.-3 1988 வரை தாக்குப்பிடித்தது. எலெக்ட்ரோ-ஹார்மொனிக்ஸ் நிறுவனமும் 1980களின் நடுப்பகுதியில் மூடப்பட்டு, 1990களிலேயே மீண்டு வந்தது. சிப்களை வாங்குவோர் குறையவே, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மட்சுஷிட்டாவும் அவற்றின் உற்பத்தியைக் கைவிட்டது.

இவ்வாறு ஒரு தொழில்நுட்பம் ஓசையின்றி இறந்தது. அது இறந்த பின்னரே அதன் அருமை தெரிந்தது. தெளிவான டிஜிற்றல் எதிரொலியைச் சில ஆண்டுகள் கேட்ட கலைஞர்களுக்கு, பழைய மங்கலின் மீது ஏக்கம் பிறந்தது. அடகுக்கடைகளில் தூசி படிந்து கிடந்த பெடல்கள் சேகரிப்போரின் கைக்குச் சென்றன. விலை ஏறியது. ஒரே டி.எம்.-2இல் கூட முற்பகுதியில் செய்யப்பட்டவற்றில் எம்.என். 3005 சிப்பும், பிற்பகுதியில் செய்யப்பட்டவற்றில் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் எம்.என். 3205 சிப்பும் இருந்தமையால், மூடியைத் திறந்து பார்த்து விலை பேசும் வழக்கமும் உண்டாயிற்று. உண்மையில், செய்தவர்களே தங்கள் பொருளை நடுவழியில் மாற்றிவிட்டார்கள்! எது அசல் என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வரைபடம் கிடைத்தது, சிப் கிடைக்கவில்லை

வாங்க வசதியில்லாதவர்கள் செய்யத் தொடங்கினார்கள். திருத்துநர்களுக்காக நிறுவனங்கள் அந்நாளில் அச்சிட்ட கையேடுகளில் மின்சுற்று வரைபடங்கள் இருந்தன. அவை கைமாறின. வரைபடம் இல்லாத பெடல்களைத் திறந்து, பலகையின் இருபுறமும் படமெடுத்து, ஒவ்வொரு செப்புத் தடமும் எங்கிருந்து எங்கே செல்கிறது எனப் பின்தொடர்ந்து, தடையிகளின் நிறக் கோடுகளை வாசித்து வரைந்தார்கள். சில தயாரிப்பாளர்கள் இதைத் தடுக்கவே தமது சுற்றின்மீது கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கினார்கள். எதிரொலிப் பெடல் அல்லாவிடினும், 'குளோன் சென்டோர்' என்னும் ஒலிச்சிதைவுப் பெடல் இதற்குப் பேர்போனது. அந்தப் பிசினையும் பொறுமையாக அகற்றி உள்ளே இருந்ததை வரைந்துவிட்டார்கள்.

வரைபடத்தைச் செப்புத் தகட்டின்மீது பதித்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டு வேண்டாத செம்பைக் கரைத்து, துளையிட்டு, பாகங்களைப் பற்றவைத்தால் பெடல் தயார். சமையலறை மேசையில் செய்யக்கூடிய வேலைதான். தடையியும் கொள்ளளவியும் சில சதங்களுக்குக் கிடைக்கும்.

ஆனால், எதிரொலிப் பெடலில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வரைபடத்தின் நடுவில் ஒரு நீள்சதுரம், அதனுள் 'எம்.என். 3005' என்ற பெயர். அதை மேசையில் செய்ய இயலாது. அதற்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலை கைவிட்டுவிட்டது.

இதனால் நேர்ந்தவை பல. சிலர் 2,048 படிகள் கொண்ட சிறிய சிப்கள் இரண்டைத் தொடுத்தார்கள். சிலர் தைவானின் பிரின்ஸ்ரன் நிறுவனம் செய்த பி.ரி. 2399 என்னும் மலிவான சிப்பை நாடினார்கள். கரோக்கே பொறிகளில் எதிரொலி தருவதற்காகப் பெரிதும் பயன்பட்ட அது உள்ளே டிஜிற்றல். ஆனால், தாமதம் கூடக்கூட அதுவும் மங்கி இரைந்தமையால் பழைய ஒலிக்குக் கிட்டத்தட்ட வந்தது. சந்தையில் போலிகளும் பெருகின: வேறேதோ சிப்பின் முகத்தைச் சுரண்டி, மேலே எம்.என். 3005 என்று புதிதாக அச்சிட்டு விற்றார்கள். பற்றவைத்து மின்சாரம் கொடுத்த பின்னரே ஏமாந்தது தெரியும்.

இவை எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரியது வேறொன்று. சிப்புக்காகப் பழைய எதிரொலிப் பொறிகள் பிரிக்கப்பட்டன. இயங்கக்கூடிய ஒரு பொறியைக் கொன்று இன்னொரு பெடலுக்கு உயிர்கொடுத்தார்கள். பிரதி செய்வோர் அசலைக் காப்பதாகச் சொல்வது ஓரளவுக்கே உண்மை. சில வேளைகளில் அவர்களே அசலைத் தின்றும் இருக்கிறார்கள். இதை மறைத்து எழுதுவது நியாயமாகாது.

எது களவு?

சட்டம் என்ன சொல்கிறது? புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை உண்டு. ஆனால், அதற்குக் காலவரையறையும் உண்டு. இன்று பல நாடுகளில் அது விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள். 1970களின் சுற்றுகள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டன. வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கலாம். ஆனால், அதன்படி ஒரு சுற்றைக் கட்டுவதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகப் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை. சிப்களின் உள்ளமைப்பைக் காக்க 1984இல் அமெரிக்கா தனிச் சட்டமொன்றை இயற்றியபோது பாதுகாப்பை 10 ஆண்டுகளுக்கு வரையறுத்ததோடு, பகுப்பாய்ந்து கற்பதற்காகப் பிரித்துப் பார்ப்பதையும் அனுமதித்தது.

காலாவதியாகாதது ஒன்றுண்டு: பெயரும் முகமும். வணிகச் சின்னம் பயன்பாட்டில் இருக்கும்வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. 2005இல் ரோலண்ட் நிறுவனம் பெஹ்ரிங்கர் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தபோது முறைப்பாட்டின் மையம் உள்ளேயிருந்த மின்சுற்றல்ல. பொஸ் பெடல்களைப் போன்ற வெளித்தோற்றமே. பெஹ்ரிங்கர் தனது பெடல்களின் தோற்றத்தை மாற்றியது. 2006இல் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன.

நம்மவர்க்கு இந்த வேறுபாடு புதியதன்று. செல்லரிக்கும் ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவனை நாம் கள்வன் என்று சொன்னதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடியெடுத்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அது காப்பாற்றல் எனப்பட்டது. ஆனால், ஒருவர் பாடிய பாட்டைத் தன் பெயரில் வெளியிடுபவனைக் கள்வன் என்றோம். பெயர்த்தெழுதுவது வேறு, பெயரை மாற்றுவது வேறு. புதிய பெடலை வயதானதுபோலத் தேய்த்து, பழைய சின்னத்தை ஒட்டி, அசல் விலைக்கு விற்பவன் செய்வது களவு. 'இது இன்னதைப் பார்த்துச் செய்தது' என்று சொல்லிச் செய்பவன் செய்வது களவல்ல.

திரும்பி வந்த சிப்

இந்த வரலாற்றில் நான் எதிர்பாராத திருப்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சமையலறை மேசையிலும் ஒன்றிரண்டு சிப்கள் வேண்டப்பட்டபோது, எல்லாம் சேர்ந்து ஒரு சந்தையாகிவிட்டன. சிறு பட்டறைகளும் கேட்கத் தொடங்கின. சீனாவில் ஷங்ஹாய் பெல்லிங், பின்னர் கூல்ஓடியோ ஆகிய நிறுவனங்கள் மட்சுஷிட்டாவின் பழைய சிப்களுக்கு இணையானவற்றை உற்பத்தி செய்தன. இதில் ஒரு வேடிக்கை: தோற்றத்தைப் பின்பற்றியதற்காக வழக்கைச் சந்தித்த பெஹ்ரிங்கரும், கைவிடப்பட்ட சிப்பை மீட்டுத்தந்த கூல்ஓடியோவும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. 2010களில் எக்ஸ்வைவ் என்னும் நிறுவனம் எம்.என். 3005 சிப்பையே மீண்டும் செய்து வெளியிட்டது.

சிப் வந்ததும் பெரியவர்களும் வந்தார்கள். எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் 2008இல் ஒரு புதிய வாளி வரிசைப் பெடலை வெளியிட்டது. அதன் பெயரைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்: 'காபன் கொப்பி'! 2014இல் பொஸ் நிறுவனமே டி.எம்.-2 பெடலை டி.எம்.-2டபிள்யூ என்ற பெயரில் ஜப்பானில் மீண்டும் செய்யத் தொடங்கியது. கைவிட்டு 30 ஆண்டுகளுக்குப் பின்னர், செய்தவர்களே தங்கள் பழைய பொருளுக்குப் பிரதி செய்தார்கள். அந்த 30 ஆண்டுகளும் அந்த ஒலியை மறக்கவிடாமல் வைத்திருந்தவர்களுள், பழைய பெடல்களைத் தேடி வாசித்த கலைஞர்களோடு, பெயர் தெரியாத இந்தப் பிரதியாளர்களும் அடங்குவர் என்பதே எனது துணிபு.

ஒரு பொருளின் உயிர் அதன் வரைபடத்தில் இல்லை என்பதையும் இவர்களின் அனுபவம் காட்டுகிறது. ஒரே வரைபடத்தில் செய்த இரு பெடல்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஒவ்வொரு சிப்பும் தனக்குரிய மின்னழுத்தத்தில்தான் நன்றாக இயங்கும்; அதைச் சிறு திருகியொன்றைத் திருப்பி, காதால் கேட்டு நிலைநிறுத்த வேண்டும். அசலைச் செய்த தொழிலாளியும் ஒருநாள் அதே திருகியைத் திருப்பியிருப்பார். அந்த ஓரிடத்தில் இருவரின் கையும் ஒன்றாகிவிடுகிறது.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பெறாமகனின் பெடல் வாசித்தது. ஒரு தந்தியைத் தட்டினான். ஒலி கூர்மையாக எழுந்தது. பின் சற்று மங்கலாக. பின் இன்னும் மங்கலாக. பின் இரைச்சலுக்குள் கரைந்தது. பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முகப்பில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. புரட்டிப் பார்த்தேன். அடித்தகட்டில் நிரந்தர மையால் சிறிதாக எழுதியிருந்தான்: 'பொஸ் டி.எம்.-2 பார்த்துச் செய்த பிரதி.' கீழே அவனது பெயரும் ஆண்டும்.

"நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி, பெரியப்பா" என்றான்.